கரிசல் மேலே தள்ளும் எலும்புகள்

அன்புள்ள ஐயா,

பள்ளி விடுமுறையில் பிரிஸ்பேனிலிருந்து குடும்பத்துடன் காரில் கிளம்பி, ஏறக்குறைய 1350 கிலோமீட்டர் கடந்து, ஆஸ்திரேலிய உள்நாட்டு ஊரான விண்டனின் டைனோசர் அருங்காட்சியகத்தைப் பார்த்து வந்தோம். அங்கே முழு எலும்புக்கூடு ஒன்றுகூட இல்லை. உடைந்த எலும்புகளைக் கண்டு என் மகனின் முகம் வாடிவிட்டது. தாங்கள் அந்த இடத்தைப் புகழ்ந்து எழுதியிருந்தது ஏன் என்று விளங்கவில்லை.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முழு எலும்புக்கூடு இல்லை என்பதை நான் அன்றே எழுதியிருக்க வேண்டும். அது என் பிழை. ஆனால் அந்த உடைசல்களுக்காகத்தான் நான் விண்டனைப் புகழ்ந்தேன்.

அந்த ஊர் மண் நம் கோவில்பட்டிக் கரிசலின் இனம். மழையில் உப்பி, வெயிலில் சுருங்கி வெடிக்கும் அந்த மண்ணின் ஓயாத அசைவில், அடியிலுள்ள சுமார் 9.5 கோடி ஆண்டுப் பழைய பாறையிலிருந்து பெயர்ந்த எலும்புகள் நொறுங்கி, துண்டு துண்டாக மேலே வந்து சேர்கின்றன. 1999இல் டேவிட் எலியட் என்னும் பண்ணைக்காரர் ஆடுகளை ஓட்டிச் செல்கையில் கண்டது அப்படியொரு துண்டைத்தான். மேலே கிடப்பது நொறுங்கியது, கரிசலைத் தாண்டித் தோண்டினால் மீதி கிடைக்கலாம் என்ற கணக்கில்தான் அந்த அருங்காட்சியகமே எழுந்தது.

தங்கள் மகன் பார்த்த 'மட்டில்டா'வும் 'பாஞ்சோ'வும் ஒரே குழியில் கிடைத்தவை. முன்னது நீள்கழுத்துத் தாவர உண்ணி, பின்னது அதை ஒத்த விலங்குகளை வேட்டையாடியிருக்கக்கூடிய ஊன் உண்ணி. 2009இல் இரண்டுக்கும் அறிவியல் பெயர் சூட்டப்பட்டது. செல்லப்பெயர்கள், 1895இல் அந்த வட்டாரத்தில் ஆஸ்திரேலியக் கவிஞர் பாஞ்சோ பேட்டர்சன் எழுதிய 'வால்ட்சிங் மட்டில்டா' பாடலிலிருந்து வந்தவை. பாடலின் நாடோடி நீர்க்குட்டையில் மூழ்கிச் சாகிறான். இவ்விரண்டும் புதைந்ததும் அப்படியொரு பழைய நீர்க்குட்டையின் சேற்றில்தான் என்பதால், பெயர் பொருந்தியதை எண்ணி எனக்குச் சிரிப்பு வந்தது.

நான் அதிக நேரம் நின்றது ஆய்வுக்கூடத்தில். சாந்துக்கட்டு போட்டுக் கொண்டுவந்த பாறைக்கட்டிகளை, பல் மருத்துவரின் கருவியைப் போல ரீங்கரிக்கும் காற்றூசியால் தன்னார்வலர்கள் சிறிது சிறிதாகச் செதுக்கி எலும்பைப் பிரிக்கிறார்கள். ஒரு விலங்கை முடிக்கப் பல ஆண்டுகள் பிடிக்கும். பெருநகரங்களில் நாம் அண்ணாந்து பார்க்கும் எலும்புக்கூடுகளில் பல வெறும் வார்ப்புகள். இங்கே கண்முன் இருப்பது அசல்.

மகனுக்கு முழு உருவம்தான் வேண்டுமென்றால், அடுத்த முறை வடக்கேயுள்ள ரிச்மண்டுக்கு அழைத்துச் செல்லுங்கள். அது பண்டைய உள்நாட்டுக் கடலின் அடித்தளம். அமைதியான சேற்றில் அமிழ்ந்ததால் ஏறக்குறைய முழுமையாகவே எஞ்சிய கடல் ஊர்வன ஒன்று 1989இல் அங்கே கிடைத்தது; அதை அவ்வூர் அருங்காட்சியகத்திலேயே காணலாம்.