திருமண உரிமை கேட்பதும் ஒரு பற்றுதானே? தன்பாலினத் திருமணத்தைப் பற்றி பௌத்தம் என்ன சொல்கிறது?

கேள்வி கேட்ட தம்பி கடலூர்ப் பக்கம் என்று எழுதியிருக்கிறார். தினமும் தியானத்தில் உட்காருகிறவர். இன்னொரு ஆணோடு வாழ்க்கை அமைத்துக்கொள்ள நினைக்கிறவர். மூன்று விஷயம் கேட்டிருக்கிறார்: புத்தர் இதை ஏற்பாரா, பற்றைக் குறைக்கும் வழியில் நடந்துகொண்டே திருமண உரிமையும் கேட்பது முரண் இல்லையா, அம்மாவிடம் சொல்லலாமா.

எனக்கு 66 வயது. கடலூரில் செம்மண்டலம் தாண்டி, தென்பெண்ணை ஆற்றுக்குப் பக்கத்தில் இருக்கிறேன். என் மகள் புதுச்சேரி லாஸ்பேட்டையில் ஒரு பெண்ணோடு ஒன்பது வருடமாகக் குடும்பம் நடத்துகிறாள். கணவர் போன பிறகு, சென்னை திருமுடிவாக்கத்தில் பத்து நாள் விபாசனா தியான வகுப்புக்குப் போனேன். அன்றிலிருந்து காலையில் ஒரு மணி நேரம் உட்காருவது பழக்கம். படித்த பண்டிதை இல்லை நான். தெரிந்ததைச் சொல்கிறேன்.

இரண்டாவது கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். ஏனென்றால் அதையே நான் என் மகளிடம் கேட்டு, பதில் வாங்கியிருக்கிறேன்.

2023 அக்டோபர் 17, செவ்வாய்க்கிழமை. தன்பாலினத் திருமண வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வருகிறது என்று முதல் நாளே லாஸ்பேட்டைக்குப் போயிருந்தேன். கூடத்தில் தரையில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். போனில் நேரலை ஓடியது. திருமணம் செய்துகொள்வது அடிப்படை உரிமை இல்லை என்பதில் ஐந்து நீதிபதிகளுக்கும் ஒரே கருத்து. திருமணம் என்று சொல்லாமல், சேர்ந்து வாழ்வதற்காவது சட்ட அங்கீகாரம் தரலாம் என்றவர்கள் இரண்டு பேர், முடியாது என்றவர்கள் மூன்று பேர். மகள் போனைக் கவிழ்த்து வைத்தாள். அந்தப் பெண் எதுவும் பேசாமல் எழுந்து உள்ளே போய் காபி போட்டாள்.

ஆறுதலாக ஏதாவது சொல்ல வேண்டுமே என்று நான் சொன்னேன்: "விடும்மா. கல்யாணங்கிறதே ஒரு பற்றுதான். ரெண்டு பேரும் நல்லாத்தானே இருக்கீங்க. ஒரு காகிதம் எதுக்கு?"

அவள் கோபப்படவில்லை. "அம்மா, இந்த மாசம் பென்ஷன் வந்துதா?" என்று கேட்டாள்.

"வந்துது."

"யாரோட பென்ஷன்?"

"அப்பாவோடது."

"அப்பா பென்ஷன் உனக்கு எதுக்கு வருது?"

எனக்கு வாய் அடைத்துவிட்டது. அவள் மெதுவாகத்தான் சொன்னாள்: "அந்தக் காகிதம் உங்கிட்ட இருக்கு. அதனாலதான் காலையில நிம்மதியா கண்ண மூடி உட்கார முடியுது."

அன்று இரவு தூக்கம் வரவில்லை. 2014இல் கணவர் இறந்தபோது நடந்தது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அவருடைய பணிப்பதிவேட்டில் மனைவி என்று என் பெயர் இருந்தது. தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழ் கொடுத்தார்கள். சில மாதத்தில் குடும்ப ஓய்வூதியம் வரத் தொடங்கியது. வருடத்துக்கு ஒருமுறை கருவூலத்தில் நேர்காணலுக்குப் போய், உயிரோடு இருக்கிறேன் என்று காட்டிவிட்டு வருகிறேன். நாங்கள் எப்படி வாழ்ந்தோம், ஒருவரை ஒருவர் மதித்தோமா என்று எந்த மேஜையிலும் யாரும் கேட்டதில்லை. என் மகளுக்கு ஏதாவது ஆனால்? வாயில் வரக் கூடாத பேச்சுதான், ஆனாலும் நினைத்துப் பார்த்தேன். உயில் எழுதாமல் போனால் அவளுக்கு வாரிசு நான்தான். ஒன்பது வருடம் அவளுக்குச் சமைத்துப்போட்டு, காய்ச்சலுக்கு நெற்றியில் துணி நனைத்துப் போடுகிறவள் அந்தத் தாளில் எங்கேயும் வரமாட்டாள்.

வீட்டைத் துறந்து வந்த பிக்குகளுக்கே உணவு, உடை, இருப்பிடம், மருந்து நான்கும் வேண்டும் என்று வைத்தவர் புத்தர். அவை பற்று ஆகவில்லை. கையில் இருப்பதைத்தானே தம்பி விட முடியும்? உங்களுக்குக் கொடுக்கவே கொடுக்காத ஒன்றை "விட்டுவிடு" என்று நான் சொன்னால், அதற்குத் துறவு என்று பேர் வைக்கக் கூடாது. நான் அன்று செய்தது அந்தத் தப்பைத்தான். நீங்கள் உரிமை கேளுங்கள். கேட்கும்போது மனதில் வெறுப்பு எழுகிறதா என்று பாருங்கள். அதுதான் நம் பயிற்சிக்குள் வரும் வேலை.

சரி, புத்தர் ஏற்பாரா? அவர் வாயில் நாம் வார்த்தையைத் திணிக்க வேண்டாம். தன்பாலினத் திருமணத்தை ஆதரித்தும் எதிர்த்தும் அவர் பேசியதாக எனக்குத் தெரிந்த சுத்தங்களில், அதாவது புத்தரின் உரைகளில், எதுவும் இல்லை. பௌத்தத்தில் திருமணம் ஒரு புனிதச் சடங்கே கிடையாது. பிக்கு வந்து ஆசி சொல்வார், அவ்வளவுதான். கட்டிவைப்பது குடும்பமும் ஊரும் சட்டமும். ஆகவே "மதம் தடுக்கிறது" என்று சொல்ல இங்கே இடமே குறைவு. பண்டகர் என்று, பாலினத்திலோ பாலீர்ப்பிலோ வேறுபட்டவர்களாகக் குறிப்பிடப்படுகிறவர்களுக்குத் துறவு கொடுக்கக் கூடாது என்று விநயத்தில், அதாவது துறவிகளுக்கான ஒழுங்கு நூலில், ஒரு விதி இருக்கிறது. அது எனக்கு வருத்தம் தருகிற விதி. ஆனால் அது சங்கத்துக்கான விதி, இல்லறத்தாருக்கு இல்லை. பௌத்தர்கள் எல்லாருக்கும் ஒரே கருத்து என்றும் சொல்ல முடியாது. தலாய் லாமாவே 1997இல், பௌத்தப் பார்வையில் தன்பாலின உறவு தவறான நடத்தை என்றார். 2014இல் ஒரு தொலைக்காட்சிப் பேட்டியில், இருவருக்கும் சம்மதம் என்றால் அது அவரவர் விஷயம் என்றார்.

இல்லறத்துக்குப் புத்தர் என்ன சொன்னார் என்று தேடினால் சிகாலோவாத சுத்தம் கிடைக்கும். சிகாலன் என்ற இளைஞன் விடியற்காலையில் ஈரத்துணியோடு ஆறு திசைகளையும் கும்பிட்டுக்கொண்டிருக்கிறான். செத்துப்போன அப்பா சொல்லிவிட்டுப் போன பழக்கம். திசைகளை இப்படிக் கும்பிடுவதில்லை என்று சொல்லி, கிழக்கு பெற்றோர், மேற்கு மனைவி என்று ஆறு உறவுகளையும் அதற்கான கடமைகளையும் புத்தர் விளக்குகிறார். கணவன் மனைவிக்குச் செய்ய வேண்டியவை ஐந்து: மதிப்பது, இழிவாகப் பேசாமல் இருப்பது, துரோகம் செய்யாமல் இருப்பது, வீட்டு அதிகாரத்தை அவள் கையில் கொடுப்பது, அணிகலன் வாங்கித் தருவது. மனைவிக்கும் ஐந்து உண்டு. அங்கே இருப்பது கணவனும் மனைவியும்தான், மறைக்கவில்லை. ஆனால் ஐந்தையும் ஒவ்வொன்றாக எடுத்து லாஸ்பேட்டை வீட்டில் வைத்துப் பார்த்தேன். எதுவும் பொருந்தாமல் போகவில்லை. என் சொந்த வீட்டில் முப்பது வருடம் பீரோச்சாவி என் கைக்கு வந்ததில்லை. அங்கே சாவி வாசல் பக்கத்து ஆணியில் தொங்குகிறது, இருவருக்கும் பொதுவாக.

பௌத்தம் வாழும் நாடுகளில் என்ன நடக்கிறது என்றும் பாருங்கள். தைவானில் 2012இலேயே சாவ் ஹுவேய் என்ற பிக்குணி இரண்டு பெண்களுக்குத் திருமணம் நடத்திவைத்தார். மோதிரத்துக்குப் பதில் ஜபமாலை மாற்றிக்கொண்டார்கள். அப்போது அங்கே சட்டம் கிடையாது. 2019 மே 24இல்தான் வந்தது, ஆசியாவிலேயே முதலாவதாக. புத்தர் பிறந்த லும்பினி இருக்கிற நேபாளத்தில் 2023 நவம்பரில் முதல் பதிவு நடந்தது. தாய்லாந்தில் கீழவையில் ஆதரவு 400, எதிர்ப்பு 10. 2025 ஜனவரி 23 முதல் அங்கே சட்டம் நடப்பில் இருக்கிறது. பெரும்பாலோர் தேரவாத பௌத்தர்களாக இருக்கிற நாடு அது.

புதுச்சேரியில் இன்னொரு வேடிக்கையான வேதனை உண்டு. என் மகள் தெருவில் சொல்தா குடும்பங்கள், அதாவது பிரெஞ்சுப் படையில் இருந்தவர்களின் குடும்பங்கள், இருக்கின்றன. தமிழ்தான் பேசுகிறார்கள், ஆனால் பிரெஞ்சுக் குடியுரிமை. பிரான்சில் 2013இலேயே சட்டம் வந்துவிட்டது. அந்த வீட்டுப் பிள்ளை ஒருவன் தன்பாலீர்ப்பாளன் என்றால், அங்கே போய்ப் பதிவு செய்துகொள்ளலாம். சுவருக்கு இந்தப் பக்கம் என் மகளுக்கு வழியில்லை.

"முதலில் சட்டம் வரட்டும், அப்புறம் வாழுங்கள்" என்பவர்களுக்கு என் அப்பா அம்மா கதையைச் சொல்வேன். 1956இல் சுயமரியாதைத் திருமணம் செய்துகொண்டவர்கள். ஐயர் இல்லை, ஓமம் இல்லை. மாலை மாற்றிக்கொண்டார்கள், ஊர்ப் பெரியவர் இருவர் பேசினார்கள், முடிந்தது. அப்படிப்பட்ட திருமணம் செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 1953இலேயே சொல்லியிருந்தது. தெரிந்துதான் செய்தார்கள். அண்ணா முதலமைச்சர் ஆன பிறகு 1967இல் சட்டம் கொண்டுவந்து, முன்பு நடந்தவற்றையும் சேர்த்துச் செல்லும் என்றார்கள். நான் பிறந்தது 1959. எனக்கு எட்டு வயது ஆன பிறகுதான் என் பெற்றோர் சட்டத்தின் கண்ணில் கணவன் மனைவி. அதற்கு முந்தின எட்டு வருடமும் அவர்கள் எனக்கு அப்பா அம்மா இல்லாமல் போய்விட்டார்களா?

இந்தியாவில் இப்போதைய நிலை: அந்த 2023 தீர்ப்பை எதிர்த்த மறுஆய்வு மனுக்களை 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. ஆனால் அதே வருடம் மே மாதம் நம் சென்னை உயர் நீதிமன்றம், குடும்பம் அமைக்கத் திருமணம் ஒன்றுதான் வழி என்றில்லை, தாங்களே தேர்ந்துகொண்ட குடும்பமும் குடும்பம்தான் என்று சொல்லியிருக்கிறது. புதுச்சேரியும் அந்த நீதிமன்றத்துக்குள்தான் வருகிறது. வங்கியில் இருவரும் சேர்ந்து கணக்குத் தொடங்கலாம், ஒருவர் மற்றவரை நாமினியாகப் போடலாம் என்று 2024 ஆகஸ்டில் மத்திய நிதி அமைச்சகம் தெளிவுபடுத்தியது. அதைச் செய்துகொள்ளுங்கள். உயிலும் எழுதிக்கொள்ளுங்கள், இளவயதுதானே என்று தள்ளிப்போடாதீர்கள். என் பெண்கள் இருவரும் எழுதிவிட்டார்கள். சாட்சிக் கையெழுத்துப் போட வந்த பக்கத்து வீட்டு அம்மா ஒரு கேள்வி கேட்கவில்லை.

"என் பெண்கள் இருவரும்" என்று எழுத எனக்கு எத்தனை வருடம் ஆனது என்பதுதான் உங்கள் மூன்றாவது கேள்விக்குப் பதில். மகள் சொன்னபோது நான் கத்தவில்லை, அழவில்லை. பேசாமல் இருந்தேன். பதினான்கு மாதம். அந்த நாட்களிலும் தினமும் தியானத்தில் உட்கார்ந்தேன், கடைசியில் எல்லா உயிர்க்கும் அன்பை வேண்டுகிற மெத்தா பாவனையும் செய்தேன். ஒரே பிள்ளையைத் தாய் தன் உயிரைக் கொடுத்துக் காப்பதுபோல எல்லா உயிர்களிடமும் அன்பு பெருகட்டும் என்பதை மனதுக்குள் சொல்வேன். சொல்லிவிட்டு எழுந்து, ஒரே பிள்ளையின் போனை எடுக்காமல் அடுப்படிக்குப் போவேன். ஒருநாள் அந்த வரியில் வந்தபோது மேலே போக முடியவில்லை. "தாய்" என்ற சொல்லிலேயே நின்றுவிட்டேன். அன்று மத்தியானம் கடலூர் பஸ் ஸ்டாண்டில் புதுச்சேரி பஸ் ஏறினேன்.

அந்தப் பெண் என்னை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவாள். 2024 டிசம்பரில் பெஞ்சல் புயலுக்குப் பின்னால் சாத்தனூர் அணையில் ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். எங்கள் தெருவுக்குள் ஆறு வந்தது. தண்ணீர் வடிந்த மறுநாள் மகளுக்குக் காய்ச்சல், வர முடியவில்லை. கேட்டுக்கு வெளியே முழங்கால் சேற்றில் நின்றுகொண்டு "அத்தை, கதவத் திறங்க" என்று குரல் கேட்டது. யாரோ பக்கத்து வீட்டைக் கூப்பிடுகிறார்கள் என்றே நினைத்தேன். இரண்டு நாள் தங்கிச் சேற்றை வாரினாள். பீரோவின் கீழ்த்தட்டில் நனைந்து ஒட்டிப்போன என் பென்ஷன் புத்தகத்தை ஒவ்வொரு பக்கமாகப் பிரித்து, நடுவில் செய்தித்தாளை வைத்து, கரண்ட் வந்ததும் மின்விசிறிக்குக் கீழே காயவைத்தாள்.

உங்கள் அம்மாவிடம் சொல்லுங்கள் தம்பி. ஆனால் உங்களுக்கென்று ஒரு வருமானமும், இரண்டு நாள் தங்க ஒரு நண்பர் வீடும் இருக்கும்போது சொல்லுங்கள். பண்டிகை நாளில், சொந்தக்காரர்கள் வீட்டில் இருக்கும்போது வேண்டாம். அவர் பேசாமல் போனால், மாதம் ஒருமுறை ஒரு வரி அனுப்புங்கள், பதில் வராவிட்டாலும். என் மகள் அப்படி அனுப்பியது பதினான்கு செய்தி. ஒன்றையும் நான் அழிக்கவில்லை.