குடோன் நோட்டு ஏன் மூடவில்லை?

கேள்வி: எங்கள் பனியன் கம்பெனியில் ஸ்டாக் சாப்ட்வேர் போட்டது தீபாவளிக்கு முன்பே. இன்னும் நூல் குடோனில் நோட்டை விட மாட்டேன் என்கிறார்கள். ஒரே வேலை இரண்டு தடவை நடக்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகர், திருப்பூர்

பதில்: அந்த நோட்டை ஒருநாள் வாங்கிப் புரட்டிப் பாருங்கள். குடோன்களுக்கு சாப்ட்வேர் எழுதுவதுதான் என் தொழில். எங்கே போனாலும் முதலில் நோட்டைத்தான் கேட்பேன். வரவும் பற்றும் கம்ப்யூட்டரிலும் இருக்கும். ஓரத்தில் கிறுக்கியிருப்பது இருக்காது. 'மூன்று மூட்டை ஈரம்', 'இந்த லாட்டைப் பழசோடு கலக்காதே'. லாட் என்றால் மில்லில் ஒரே தடவையில் தயாரான நூல் தொகுதி. இரண்டும் ஒரே கனமுள்ள 40ஆம் நம்பர் நூலாகவே இருக்கட்டும், லாட் மாறி நிட்டிங்கில் கலந்துவிட்டால் சாயம் ஏறியபின் துணியில் பட்டை பட்டையாகத் தெரிந்துவிடலாம். துணியே வீண். இதை எழுத உங்கள் திரையில் இடம் உண்டா? இல்லையென்றால் அவர்கள் நோட்டை வைத்திருப்பது சரிதான்.

அடுத்தது இருப்பு. திரையில் 42 மூட்டை, கண்ணெதிரே 39 என்றால் யார் நம்புவார்கள்? 42ஐத் தொட்டால் அது எந்தெந்த வரவு, பற்றிலிருந்து வந்தது என்று விரியவேண்டும். 1979இல் ஆப்பிள் 2 கம்ப்யூட்டருக்கு வந்த விசிகால்க் என்ற கணக்குத்தாள் சாப்ட்வேரிலும் சரி, இன்றைய எக்செல்லிலும் சரி, கட்டத்தில் கர்சரை வைத்தால் கணக்கு தெரியும். வேண்டுமானால் நாமே மாற்றலாம். கணக்கு எழுதுகிறவர்கள் அதை விடாமல் பிடித்துக்கொண்டதில் எனக்கு வியப்பே இல்லை.

வேலை செய்கிறவர்களையே கேட்டுத் திரையை அமைப்பது புதிதல்ல. 1981இல் ஸ்காண்டிநேவிய அச்சுத் தொழிலாளர் சங்கம், ஸ்வீடன், டென்மார்க் ஆய்வாளர்களோடு சேர்ந்து 'யுடோப்பியா' என்ற திட்டத்தைத் தொடங்கியது. செய்தித்தாள் பக்கம் கட்டுகிறவர்களுக்கு எப்படிப்பட்ட கம்ப்யூட்டர் வேண்டும் என்று அவர்களோடு உட்கார்ந்தே யோசித்தார்கள். வெறும் அட்டைப்பெட்டி மேல் 'லேசர் பிரிண்டர்' என்று எழுதிவைத்து, அதை வைத்தே வேலை செய்து பார்த்தார்கள். அட்டையை வெட்டி ஒட்ட யாருக்கும் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டியதில்லையே!

நீங்களும் ஒரு வெள்ளைத்தாளை குடோன் மேஜையில் போட்டு, திரை எப்படி இருக்கவேண்டும் என்று அவர்களையே வரையச் சொல்லுங்கள். பிறகு சாப்ட்வேர்காரரிடம் பேசுங்கள். ஜிஎஸ்டி, பில் பகுதிகள் பூட்டியே இருக்கட்டும். ஆனால் குறிப்புக் கட்டம் சேர்ப்பது, வரிசையை மாற்றுவது, தலைப்புக்குத் தங்கள் வழக்குச் சொல்லை வைப்பது, இவையெல்லாம் குடோன்காரர் கையிலேயே இருக்கவேண்டும். யார், எப்போது மாற்றினார் என்பது மட்டும் பதிவாகட்டும். அதுவரை நோட்டைப் பிடுங்காதீர்கள்.