44 வயதில் ஜூடோ: கடிதமும் பதிலும்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் மன்னார்குடியில் வசிக்கிறேன். அருகிலுள்ள கிராமத்தில் நடுநிலைப் பள்ளி ஆசிரியை. வயது 44, எடை 66 கிலோ. எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகள் இரண்டு ஆண்டுகளாக ஜூடோ கற்கிறாள். வாரம் மூன்று நாள் அவளை அழைத்துச் சென்று சுவரோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த எனக்கும் அந்த ஆசை வந்துவிட்டது. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாக மருத்துவர் சொன்னதிலிருந்து ஹரித்ராநதித் தெப்பக்குளத்தைச் சுற்றித் தினமும் நடக்கிறேன். உடம்புக்கு அது போதுகிறது, மனத்துக்குப் போதவில்லை. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. ஒரு முறையாவது போட்டியில் இறங்க வேண்டும் என்று தோன்றுகிறது.

“உடற்பயிற்சிக்கு வேண்டுமானால் போ, போட்டி எதற்கு?” என்கிறார் கணவர். எலும்பு முறிந்தால் யார் பார்ப்பது என்பது மாமியாரின் கவலை. விழ வேண்டியிராத, நம் மண்ணின் கலையான சிலம்பத்துக்குப் போகலாமே என்கிறார் உடன் பணியாற்றும் ஆசிரியை. இதற்கிடையில், தாலிச் சங்கிலியையும் மெட்டியையும் கழற்றிவிட்டுத்தான் விரிப்பில் ஏற வேண்டும் என்று பயிற்சியாளர் சொல்லிவிட்டார். இதை வீட்டில் எப்படிச் சொல்வதென்று தெரியவில்லை. 41 வயதில் நீங்கள் ஜூடோ கற்கத் தொடங்கியதைப் பற்றி முன்பு எழுதியிருந்தீர்கள். வழிகாட்ட வேண்டுகிறேன்.

க., மன்னார்குடி

அன்புள்ள க.,

போட்டி ஆசையிலிருந்தே தொடங்குகிறேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் கூச்சத்தோடு எழுதியிருப்பது அதைப் பற்றித்தான். மருத்துவர் சொன்னார் என்ற ஒரு சொல் துணைக்கு இருந்தால் நம் பக்கத்தில் நாற்பதைக் கடந்த பெண் நடக்கலாம், யோகா செய்யலாம், நீச்சலுக்கும் போகலாம். எனக்குப் பிடித்திருக்கிறது, மோதிப் பார்க்க விரும்புகிறேன் என்று சொல்லும்போதுதான் வீடு திகைத்துப்போகிறது. உங்கள் கணவர் உங்கள் நலம் கருதியே பேசுகிறார், ஐயமில்லை. ஆனாலும் அவர் பிரித்துப் பார்ப்பதுபோல ஜூடோவில் உடற்பயிற்சியையும் மோதலையும் எளிதில் பிரித்துவிட முடியாது. 1882இல் டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் ஜிகோரோ கானோ இக்கலையை வகுத்தபோது, ஜப்பானின் பழைய கைச்சண்டைக் கலையான ஜுஜுத்சுவில் உயிருக்கும் உறுப்புக்கும் ஆபத்தான அடிகளை, மோதல் இல்லாமல் வகுத்த வரிசைப்படி செய்துகாட்டும் முறைப்பயிற்சிக்கு மட்டும் ஒதுக்கிவிட்டு, எதிராளி முழு வலுவோடு எதிர்க்கும்போதும் அவரைத் தூக்கி எறிந்து பழகத் தக்க பிடிகளை மையத்தில் வைத்தார். எதிர்ப்பவர் ஒருவர் இருந்தால்தான் நம் பிடி பிடிதானா என்பது தெரியும். பயிற்சிக்கூடத்தில் நாள்தோறும் பழகும் தோழி, தன்னை அறியாமலே நமக்கு விட்டுக்கொடுப்பாள். போட்டியில் எதிரே நிற்கும் முன்பின் அறியாத பெண் விட்டுக்கொடுக்க மாட்டாள். ஆகவே போட்டிக்குப் போங்கள் என்றே சொல்வேன். எப்போது, எந்தப் பிரிவில் என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

உங்கள் மாமியாரின் அச்சம் நியாயமானது. அந்த அச்சம் எனக்குப் பலித்தது. நான் முதலில் சேர்ந்த இடத்தில் விழும் முறையை இரண்டே நாளில் காட்டி முடித்துவிட்டு, மூன்றாம் வாரத்தில் பத்தொன்பது வயதுப் பெண்ணோடு என்னைப் பழக விட்டார்கள். அவள் என் காலைத் தட்டியதும் நான் செய்தது, ஐப்பசி மழையில் வரப்பு வழுக்கும்போது யாரும் செய்வதுதான். வலக்கையை நீட்டி ஊன்றினேன். உடம்பின் எடை முழுவதும் மணிக்கட்டில் இறங்கியது. ஆறு வாரம் மாவுக்கட்டு.

கையை ஊன்றுவது பிறவிப் பழக்கம். அதை மாற்றுவதுதான் ஜூடோவின் முதல் பாடம். ஜப்பானியர் அதை உகேமி என்கிறார்கள். முகவாய் நெஞ்சில் ஒட்டியிருக்க வேண்டும், கண் இடுப்புக் கச்சையின் முடிச்சைப் பார்க்க வேண்டும், மூச்சு வெளியேற வேண்டும்; முதுகு விரிப்பைத் தொடும் அதே நொடியில் உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை ஒன்றாக விரிப்பில் அறைய வேண்டும். கை உடலோடு ஒட்டியும் இருக்கக் கூடாது, தோளுக்கு நேராக விரிந்தும் போகக் கூடாது. முதலில் படுத்த நிலையில், பிறகு குந்திய நிலையில், அதன் பிறகே நின்ற நிலையில். சிறுமிகளுக்குச் சில வாரங்களில் கைகூடுவது நம் வயதில் மாதக்கணக்கில் பிடிக்கிறது. நாற்பது ஆண்டுப் பழக்கத்தை அழித்து எழுதுகிறோம் அல்லவா. எனக்கு ஐந்து மாதம் ஆயிற்று. அதுவரை யார் அழைத்தாலும் நின்றபடி மோத ஒப்புக்கொள்ளாதீர்கள். அவசரப்படுத்தும் பயிற்சியாளராக இருந்தால் இடத்தை மாற்றுங்கள். மாமியாரிடம் இதையும் சொல்லுங்கள்: உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி ஆண்டுதோறும் ஏறத்தாழ 6,84,000 பேர் தவறி விழுந்து இறக்கிறார்கள், அவர்களில் அறுபதைக் கடந்தவர்களே மிகுதி. மாதவிடாய் நிற்கும் காலத்தை ஒட்டி எலும்பின் அடர்த்தி வேகமாகக் குறையும் நமக்கு, கையை ஊன்றாமல் விழத் தெரிந்திருப்பது குளியலறையிலும் பயன்படும்.

அடுத்த ஆபத்து மூன்றாம், நான்காம் மாதத்தில் வரும். அது வலியாக வராமல் தெம்பாக வருவதால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன். பயிற்சி தொடங்கிய சில வாரங்களிலேயே தசை வலுப்பெற்றுவிடும். தசையை எலும்போடு பிணைக்கும் தசைநாண்கள் அத்தனை வேகத்தில் உரமேறுவதில்லை. படியேறும்போது மூச்சிரைக்காது, பையைத் தூக்கினால் கனம் தெரியாது, நமக்கு எல்லாம் கூடிவந்துவிட்டது என்று தோன்றும். முழங்கால் போவது அப்போதுதான். வாரத்துக்கு இரண்டு நாள் விரிப்பு, இரண்டு நாள் எடைப்பயிற்சி, இடையில் உங்கள் தெப்பக்குள நடை, இதற்கு மேல் முதலாண்டில் வேண்டாம். மகள் வாரம் மூன்று நாள் போகிறாள் என்பதற்காக நீங்களும் மூன்று நாள் போகக் கூடாது. அந்த மூன்றாவது நாளில் சுவரோரம் உட்கார்ந்து பாருங்கள். கற்கத் தொடங்கியபின் பார்க்கும் கண் வேறாகிவிடும்.

சேரும் முன் இரத்த அழுத்தம், மூன்று மாதச் சர்க்கரை அளவு, கண்ணின் விழித்திரை ஆகியவற்றைச் சோதித்துக்கொள்ளுங்கள். கழுத்தை நெரிக்கும் பிடிகளை முதலாண்டில் உங்கள்மேல் போட வேண்டாம் என்று தயங்காமல் சொல்லிவிடுங்கள். விரல்கள் வீங்கும், தடித்த பருத்திச் சட்டையின் கழுத்துப்பட்டியை ஒரு மணி நேரம் இறுகப் பற்றியிருந்த மறுநாள், பால் பாக்கெட்டின் முனையைக் கிழிக்க முடியாமல் பல்லால் கடித்திருக்கிறேன். உங்களுக்குச் சுண்ணக்கட்டியைப் பிடிப்பது கடினமாக இருக்கும். நம் ஊர் அடைமழைக் காலத்தில் அந்தச் சட்டை இரண்டு நாளானாலும் காயாது. ஈரத்தோடு போட்டுக்கொண்டால் படர்தாமரை வந்து, விரிப்பில் உள்ள அத்தனை பேருக்கும் பரவும். இரண்டு சட்டைகள் வைத்துக்கொள்ளுங்கள்.

இனி போட்டி. பன்னாட்டு ஜூடோ கூட்டமைப்பில் 30 வயது தொடங்கி மூத்தோருக்கென்று தனிப் பிரிவுகள் உண்டு; ஐந்தைந்து ஆண்டாக வகுத்திருப்பதால் 45 முதல் 49 வரை ஒரு பிரிவு. நீங்கள் ஆயத்தமாகும்போது அதில்தான் இருப்பீர்கள். பெண்களுக்கான எடைப் பிரிவுகளில் 63க்கு அடுத்தது 70. உங்கள் 66 கிலோவை 63க்கு இறக்க வேண்டும் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பவர் பட்டினி கிடந்து எடை குறைப்பது ஆகாத செயல். உள்ளூர்ப் போட்டியில் பெயர் கொடுக்கும் முன் மூத்தோர் பிரிவு உண்டா, இல்லையென்றால் யாரோடு மோத விடுவார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்காமல் போய்த்தான், 43 வயதில் முதல் போட்டியில் 22 வயதுப் பெண்ணின் முன்னால் நின்றேன். தூக்கிப் போட்டவள் என் கழுத்தையும் ஒரு கையையும் அணைத்துப் பக்கவாட்டில் கிடந்து அழுத்தினாள். இருபது விநாடி அப்படிப் பிடித்துவிட்டால் அது இப்போன், அதாவது முழு வெற்றி; ஆட்டம் முடிந்தது. அரங்கத்தின் தகரக் கூரையில் ஒரு புறா உட்கார்ந்திருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே, நான் ஆட்டம் தொடங்கியதிலிருந்து மூச்சே விடவில்லை என்பதை உணர்ந்தேன். இரண்டாண்டுப் பயிற்சியில் எவரும் கண்டு சொல்லாத குறை அது. அந்த இருபது விநாடியில் எனக்குத் தெரிந்தது. மறுநாளிலிருந்து ஒவ்வொரு பிடிக்கும் மூச்சை எண்ணத் தொடங்கினேன். அடுத்த ஆண்டு என் வயதுக்காரி ஒருத்தியை அதே அழுத்துப் பிடியால் வென்றேன்.

அந்தப் பிடியின் பெயர் கெசா-கதமே. தாமதமாகத் தொடங்குபவர்களுக்குத் தரையில் கிடந்து செய்யும் பிடிகளே முதல் செல்வம் என்பது என் உறுதியான எண்ணம். விழும் அதிர்ச்சி அங்கே இல்லை. வேகத்தைவிட எடையை எங்கே வைப்பது என்ற அறிவே அங்கே கைகொடுக்கும். அது நம் வயதில் நன்றாக வரும். உகேமி கைவரும் வரை அந்த மாதங்களைத் தரைப் பிடிகளில் செலவிடுங்கள்.

சிலம்பத்தைப் பற்றி உங்கள் சக ஆசிரியை சொன்னதில் பாதி சரி. நம் பக்கத்தில் நல்ல ஆசான்கள் இருக்கிறார்கள், பெண்களும் நிறையக் கற்கிறார்கள், விழ வேண்டியதில்லை. ஆனால் அதை மென்மையான மாற்றுவழி என்று எண்ணிப் போகாதீர்கள். காலடி வரிசை படிய ஆண்டுக்கணக்கில் உழைக்க வேண்டும். தொடுபோட்டியில் விரல்கணுவில் கம்பு விழுந்தால் கண்ணில் நீர் வந்துவிடும். சிலம்பம் கண்ணையும் தூரத்தையும் நம்பிய கலை, ஜூடோ தொடுகையை நம்பியது. இரண்டாண்டு சுவரோரம் உட்கார்ந்து உங்கள் மனம் எதில் ஒன்றிப்போனதோ அதற்கே போங்கள். மனம் ஒன்றாத கலையை இந்த வயதில் ஆறு மாதத்துக்கு மேல் யாராலும் இழுத்துச் செல்ல முடியாது.

தாலி விஷயத்தில் பயிற்சியாளர் சொன்னதே முறை. உலோகம் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது என்பது ஜூடோவின் விதி. கழுத்துப்பட்டியைப் பற்றி இழுக்கும் கலையில் சங்கிலி உங்கள் தோலை அறுக்கும். மெட்டி எதிராளியின் கணுக்காலைக் கிழிக்கும். மஞ்சள் கயிறாக மாற்றிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். கழுத்தில் கயிறு இருப்பதும் அங்கே நல்லதில்லை. இதை உங்கள் கணவரிடம் வீட்டுக்கூடத்தில் வைத்து விளக்குவதைவிட, ஒரு மாலை அவரையும் பயிற்சிக்கூடத்துக்கு அழைத்துச் செல்லுங்கள்; இரண்டு பெண்கள் சட்டையைப் பற்றி இழுப்பதை அவர் ஒரு முறை பார்க்கட்டும். என் கணவர் முதல் நாள் வாசலில் நின்று பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் கையை நீட்டினார். சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தேன். கைக்குட்டையில் முடிந்து சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, வகுப்பு முடியும் வரை அந்தப் பையின்மேல் கைவைத்தபடியே உட்கார்ந்திருந்தார்.