கேளுங்கள், சொல்கிறேன்: மைக் வைத்திருப்பவர்களுக்கு மட்டும்

கேள்வி: பூச்சிகளைப் பற்றி இரண்டு வருடமாகப் பாட்காஸ்ட் செய்கிறேன். ஒரு எபிசோடுக்கு 140 பதிவிறக்கம் வரும். பொழுதுபோக்காகப் பாட்காஸ்ட் செய்கிறவர்களின் குழு ஒன்றில் ஆறு மாதத்துக்கு முன்பு சேர்ந்தேன். அங்கே எந்நேரமும் ஸ்பான்சர் பேச்சுதான். குளவியைப் பற்றி வாயெடுத்தால் ஒருவரும் கண்டுகொள்வதில்லை. ‘ஒருவர் நிகழ்ச்சிக்கு ஒருவர் விருந்தினராகப் போவோம், சேர்ந்து வளர்வோம்’ என்கிறார்கள். விலகிவிடலாமா?
- பெயர் வேண்டாம் என்கிற வாசகி

பதில்: நானும் எட்டு வருடம் துணி அலமாரிக்குள் தலையை விட்டுப் பேசிய ஆள்தான். (தொங்குகிற துணி எதிரொலியைக் குடித்துவிடும். வியர்வைதான் பிரச்சினை.) பழைய ரேடியோ பெட்டிகளைப் பழுதுபார்ப்பது பற்றிய நிகழ்ச்சி. நீங்கள் சொல்வது போன்ற குழுவில் மூன்று வருடம் இருந்தேன். ஒருநாள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். அதுவரை வந்த 41 விருந்தினர்களில் 33 பேர் சொந்தமாகப் பாட்காஸ்ட் நடத்துகிறவர்கள். அவர்களில் ரேடியோவைத் திறந்து பார்த்தவர்கள் ஐந்து பேர்.

‘நீ எனக்கு ஐந்து நட்சத்திரம், நான் உனக்கு’ என்ற ஏற்பாடும் உண்டு. 52 நிமிட எபிசோடு ஒன்றை ஏற்றிய நாலாவது நிமிடம் ஒருவர் எழுதினார்: ‘அருமை, கடைசிப் பகுதியில் கண் கலங்கிவிட்டது.’ கடைசிப் பகுதியில் நான் சொன்னது, ரேடியோவுக்குள் இருக்கும் கன்டென்சர் என்ற சின்ன பாகம் கெட்டுப்போனால் கண்டுபிடிப்பது எப்படி என்று.

சரி, பணத்துக்கு வருவோம். பணம் வேண்டும் என்று நினைப்பது தப்பே இல்லை. ஆனால் பாட்காஸ்ட் விளம்பரம் பெரும்பாலும் ஆயிரம் பதிவிறக்கத்துக்கு இவ்வளவு என்ற கணக்கில்தான் பேசப்படுகிறது. உங்கள் 140 அதில் ஏழில் ஒரு பங்குகூட முழுசாக வரவில்லை. அதிலும் பதிவிறங்கியதெல்லாம் காதுக்குப் போனது என்று அர்த்தமில்லை. குழுவில் எல்லாரும் எல்லாரையும் பின்தொடர்வார்கள். போன் தன்பாட்டுக்கு இறக்கி வைத்துக்கொண்டே இருக்கும். 2023இல் ஐபோனுக்கான ஐஓஎஸ் 17 மென்பொருள் வந்தபோது ஆப்பிள் தன் பாட்காஸ்ட் செயலியில் இந்தத் தானியங்கிப் பதிவிறக்கத்தைக் குறைத்தது. பல நிகழ்ச்சிகளின் எண்ணிக்கை சட்டென்று விழுந்தது. கேட்டவர்கள் ஓடிப்போகவில்லை, கேட்காதவர்களின் கணக்குத்தான் கழிந்தது.

வெளியே கேட்கிறவர் இல்லாதபோது பணம் குழுவுக்குள்ளேதான் சுற்றும். எங்கள் குழுவில் ‘முதல் ஸ்பான்சரைப் பிடிப்பது எப்படி’ என்று ஒரு பயிற்சி நடந்தது. நடத்தியவருக்கு அதுவரை ஒரு ஸ்பான்சரும் கிடைத்ததில்லை. பயிற்சிக் கட்டணம்தான் அவருக்கு வருமானம். நானும் கட்டினேன்.

விலக வேண்டாம். ஒலிப்பதிவில் இரைச்சலா, மைக் கரகரக்கிறதா, அதற்கு அவர்களைவிட நல்ல துணை கிடையாது. நடுராத்திரியில் கேட்டாலும் பதில் சொல்வார்கள். விருந்தினரை மட்டும் அங்கே தேடாதீர்கள். பூச்சியியல் படிக்கிற மாணவரையோ, தோட்டத்தில் மண்டி போட்டுப் படம் எடுக்கிறவரையோ கூப்பிடுங்கள். அவர்கள் மைக்கை விழுங்குகிற மாதிரி பேசுவார்கள், பரவாயில்லை. அடுத்த எபிசோடின் கடைசியில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘உங்கள் வீட்டில் குளவிக்கூடு எங்கே இருக்கிறது?’ நான் என் நிகழ்ச்சியில் ரேடியோ பற்றி இப்படி ஒரு கேள்வி கேட்டபோது, பதில் போட்டவர்கள் ஒன்பது பேர். அதில் ஒருவர் ரேடியோவின் பின்மூடியைக் கழற்றிப் படமும் அனுப்பியிருந்தார், உள்ளே பல்லி முட்டையோடு. ஒன்பது பேருக்கும் மைக் கிடையாது.

குளவி எபிசோடு எத்தனையாவது என்று எழுதுங்கள், கேட்கிறேன். நாலு நிமிடத்தில் நட்சத்திரம் போட மாட்டேன்.