தோள் வலிக்கிறது, ஃபியட்டை விற்றுவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 52. கோவை பீளமேட்டில் குடியிருக்கிறேன். ஐந்தாண்டுகளுக்கு முன்பு 1973 மாடல் பிரீமியர் பிரசிடென்ட் கார் ஒன்றை ஆசைப்பட்டு வாங்கினேன். ஊரில் எல்லோருக்கும் அது ஃபியட்தான். பார்க்க அவ்வளவு அழகு. ஆனால், அரை மணி நேரம் ஓட்டினால் தோள்பட்டை கழன்று விழுவதுபோல் வலிக்கிறது. இடது முழங்கால் இரண்டு நாள் படுத்துகிறது. ஸ்டியரிங் அத்தனை கனம். பிரேக் பிடிக்க ஏறி நிற்க வேண்டும். மதிய வெயிலில் அதில் ஏறவே மாட்டேன் என்கிறார் என் மனைவி. அன்றாடம் நான் ஓட்டுவது ஆட்டோமேட்டிக் கார். மெக்கானிக்கிடம் சொன்னால், “ஃபியட் என்றால் அப்படித்தான் சார்” என்கிறார். பவர் ஸ்டியரிங் மாட்டிவிடு என்கிறார் நண்பர். பாலக்காட்டிலிருந்து ஒருவர் விலைக்குக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைதோறும் துடைத்துவிட்டு, உறையைப் போட்டு மூடிவிடுகிறேன். விற்க மனம் வரவில்லை, ஓட்ட உடம்பு இடம் கொடுக்கவில்லை. என்ன செய்யலாம்?

– பெயர் வெளியிட விரும்பாத வாசகர், கோவை

பதில்: உங்கள் மெக்கானிக் சொன்னதை நான் ஏற்கமாட்டேன். ஃபியட் என்றால் அப்படித்தான் என்றால், மும்பை டாக்ஸிக்காரர்கள் காலையில் ஏறி இரவில் இறங்கும்வரை அதே வண்டியை ஆண்டுக்கணக்கில் ஓட்டியிருக்க முடியாது. இதே ஃபியட்தான் பிறகு பத்மினி என்று பெயர் மாறியது; அந்த ஊரில் கடைசியாகப் பதிவான பத்மினி டாக்ஸி சாலையிலிருந்து விலகியது 2023 அக்டோபரில்தான். அவர்களில் பலர் உங்களைவிட வயதில் மூத்தவர்கள். அவர்களுக்கும் தோள் வலித்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால், அரை மணி நேரத்தில் கழன்று விழுந்திருக்காது.

உங்கள் புகாரில் இரண்டு கணக்குகள் கலந்து கிடக்கின்றன. ஒன்று, வண்டி பிறந்தபோதே இருந்த சங்கடம். இன்னொன்று, ஐம்பது ஆண்டுத் தேய்மானமும் இடையில் வைத்திருந்தவர்களின் அலட்சியமும் சேர்ந்து கொடுத்த சங்கடம். முதலாவதோடு வாழ முடியுமா என்பதுதான் உங்கள் உண்மையான கேள்வி. இரண்டாவதைக் கழித்துப் பார்க்காமல் அதற்கு உங்களால் பதில் சொல்ல முடியாது.

பிறவிக் குணங்களை முதலில் சொல்லிவிடுகிறேன். 1089 சிசி எஞ்சின். நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக், அதற்கு உதவி செய்ய பூஸ்டர் கிடையாது. பவர் ஸ்டியரிங் என்ற பேச்சே இல்லை. கியர் சத்தமில்லாமல் விழ உதவும் சின்க்ரோ முதல் கியருக்கு இல்லை என்பதால், வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது அதில் போட்டால் கத்தும். ஹெட்ரெஸ்ட் இல்லை, பெல்ட் இல்லை, ஏசி இல்லை. இவை மாறப்போவதில்லை.

இனித் தேய்மானம். ஸ்டியரிங் கனம் என்கிறீர்கள். முதலில் குனிந்து டயரைப் பாருங்கள். இந்த வண்டி வெளிவந்தபோது 5.20-14 என்ற ஒல்லியான டயர்தான் போட்டிருந்தார்கள். இன்று கைமாறி வரும் பல ஃபியட்டுகளில், பார்வைக்கு எடுப்பாக இருக்கட்டும் என்று அகலமான ரேடியல் டயரைப் போட்டு வைத்திருக்கிறார்கள். அகலம் கூடக் கூட, மெதுவாகப் போகும்போது திருப்புவதற்குக் கை வலுவும் கூடத்தான் வேண்டும். உங்கள் வண்டியில் அப்படி இருந்தால், கிடைப்பதிலேயே ஒல்லியான டயருக்கு மாறுங்கள். காற்றையும் சரிபாருங்கள். மாதக்கணக்கில் நிற்கும் வண்டியில் காற்று இறங்கியிருப்பது யார் கண்ணிலும் படுவதில்லை.

அடுத்ததற்குச் செலவே இல்லை. முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, ஸ்டாண்டு கொடுத்து நிறுத்தி, இரண்டு சக்கரமும் தரையில் படாமல் இருக்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பிப் பாருங்கள். ஒரு விரலுக்குச் சுற்றினால், குறை டயரில். அப்போதும் அது முரண்டு பிடித்தால், முன்சக்கரம் திரும்பும் அச்சான கிங் பின்னில் கிரீஸ் ஏறியே பல காலம் ஆகியிருக்கும். இன்றைய கார்களுக்கு இந்த வேலையே இல்லை என்பதால், கிரீஸ் ஏற்றும் முனையான நிப்பிள் எங்கே இருக்கிறது என்று தெரியாத இளம் மெக்கானிக்குகள் உண்டு. கிரீஸ் கன்னை வைத்து அழுத்தும்போது, பழைய கறுத்த கிரீஸ் மறுபுறம் பிதுங்கி வெளியே வர வேண்டும். வராவிட்டால் துவாரம் அடைத்திருக்கிறது, கழற்றித்தான் ஆக வேண்டும். கிங் பின் நன்றாக இருந்து, திருப்பும்போது நடுவில் மட்டும் பிடிப்பதுபோல் தோன்றினால், ஸ்டியரிங் பாக்ஸைச் சந்தேகப்படுங்கள். ஸ்டியரிங்கில் ஆட்டம் இருக்கிறது என்று யாராவது புகார் சொல்லியிருப்பார்கள். தேய்ந்த புஷ்ஷையும் ஜாயின்டையும் மாற்றச் சோம்பல்பட்டு, பாக்ஸின் மேலே உள்ள திருகை இறுக்கி அனுப்பியிருப்பார்கள். ஆட்டம் போகும், கனம் வந்து உட்கார்ந்துகொள்ளும். அந்த பாக்ஸில் ஆயில் இருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள்.

தோள் வலிக்கு ஸ்டியரிங் மட்டும் காரணம் என்று நான் நினைக்கவில்லை. இருக்கையையும் பாருங்கள். முன்னால் இருப்பது பெஞ்சு சீட். ஐம்பது ஆண்டுகளாக ஓட்டுநர் உட்காரும் பக்கம் மட்டும் ஸ்பிரிங் அமுங்கி அமுங்கிக் குழிந்திருக்கும். அதில் உட்கார்ந்தால் இடுப்பு தாழ்ந்துவிடும். அந்தப் பெரிய ஸ்டியரிங் வீல் உங்கள் மார்புக்கு நேராக வந்து நிற்கும். கையை உயர்த்தியபடியே அரை மணி நேரம் ஓட்டினால் யாருக்குத்தான் வலிக்காது? ஒரு போர்வையை நான்காக மடித்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். வலி பாதியாகக் குறைந்தால், குஷன் கடைக்குப் போய் ஸ்பிரிங்கை எடுத்துக் கட்டி, உள்ளே புதிதாகத் திணித்துக்கொள்ளுங்கள். மேல் உறை பழையதாகவே இருக்கட்டும், அதன் அழகு கெடவேண்டாம்.

பிரேக் விஷயத்தில் மட்டும் விளையாட வேண்டாம். டிரம் பிரேக்குக்குக் காலில் அழுத்தம் கொடுக்கத்தான் வேண்டும். ஏறி நிற்க வேண்டும் என்றால் அது குணமில்லை, கோளாறு. லைனிங் கண்ணாடிபோல் வழுவழுப்பாகியிருக்கலாம், ஆயில் கசிந்து ஊறியிருக்கலாம், நின்று நின்று வீல் சிலிண்டர் பிடித்திருக்கலாம். அது சரியாகும்வரை, மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறும் 14 கொண்டை ஊசி வளைவுகளை நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். சரியான பிறகும் இறக்கத்தில் இரண்டாவது கியர்தான், பிரேக்கை நம்பி இறங்கக் கூடாது. டிரம் சூடேறினால் பிடிப்பு போய்விடும்.

ஸ்டியரிங் தண்டில் இருக்கும் கியர் லீவர் கொழகொழவென்று ஆடினால், இணைப்புக் கம்பிகளின் புஷ்ஷை மாற்றினால் போதும். வெயிலில் உள்ளே அனல் அடிப்பதற்குப் பாதிக் காரணம், எஞ்சினுக்கும் காலுக்கும் நடுவில் உள்ள தகட்டின் ஓட்டைகள். வயர் நுழையும் இடத்து ரப்பர் வளையங்கள் உதிர்ந்து போயிருக்கும். அவற்றை அடைத்துவிட்டு, முன்கதவில் இருக்கும் முக்கோணக் கண்ணாடியை முழுக்கத் திருப்பி வையுங்கள். ஓடுகிற வண்டியில் காற்று நேரே முகத்துக்கு வரும். சிக்னலில் நிற்கும்போது வராது, அதற்கு வழி இல்லை. உங்கள் மனைவி மதியத்தில் ஏற மறுப்பது நியாயம் என்றே சொல்வேன். பெல்ட் இல்லாத வண்டியில் ஏறவே தயங்கினாலும் நியாயம். அவருக்கும் இந்தக் காரைப் பிடித்தாக வேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை.

இத்தனைக்கும் ஆகும் செலவு, என் கணிப்பில், ஒரு பவுன் தங்கத்தின் விலைக்குள் அடங்கிவிடும். ஃபியட் சாமான்களுக்கு உக்கடத்திலும், கிடைக்காவிட்டால் சென்னையில் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் புதுப்பேட்டையிலும் தேடலாம். ஃபியட்டில் கை பழகிய வயதான மெக்கானிக் ஒருவரைப் பிடிப்பதுதான் கடினமான வேலை. இப்போதைய மெக்கானிக்கிடம் கோபப்பட வேண்டாம், பெட்ரோல் போடும்போது பக்கத்தில் நிற்கும் பழைய கார்க்காரரை விசாரியுங்கள்.

நண்பர் சொன்ன பவர் ஸ்டியரிங்கை நான் சிபாரிசு செய்யமாட்டேன். உங்கள் வண்டியில் கியர் லீவர் ஸ்டியரிங் தண்டோடு இருக்கிறது. அங்கே மோட்டாரை நுழைக்கப் போனால், பெரும்பாலும் லீவரைத் தரைக்கு இறக்க வேண்டிவரும். அடுத்து பெஞ்சு சீட்டை வெட்ட வேண்டும். அடுத்து டிஸ்க் பிரேக், அடுத்து ஏசி. கடைசியில் ஃபியட்டின் தோலைப் போர்த்திய வேறொரு வண்டி நிற்கும். சட்டமும் இடிக்கும். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019இல் அதை உறுதி செய்திருக்கிறது.

உங்கள் வண்டிக்கு ஒரு தனி மதிப்பும் உண்டு. 1964இல் ஃபியட் 1100 டிலைட் என்று வந்த கார், 1972இல் பிரசிடென்ட் ஆகி, 1974இல் பத்மினி ஆனது. நடுப்பெயர் நிலைத்தது இரண்டே ஆண்டுதான். பாலக்காட்டுக்காரர் விடாமல் கேட்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். மாற்றம் எதுவும் செய்யாமல் வைத்திருக்கும்வரைதான் அந்த மதிப்பு. ஐம்பது வயது தாண்டியதால், 2021இல் வந்த விதிகளின்படி விண்டேஜ் வாகனமாகவும் பதியலாம். அதற்குக் கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும். ஆனால், அவசரப்படாதீர்கள். அப்படிப் பதிந்துவிட்டால் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, எரிபொருள் போன்ற காரணங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். நினைத்த நேரத்தில் பொள்ளாச்சிக்குப் போய்வர முடியாது. சாதாரணப் பதிவாகவே வைத்தால் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். இருபது ஆண்டு தாண்டிய கார்களுக்கு அந்தக் கட்டணம் 2025இல் 10,000 ரூபாய் ஆகிவிட்டது. ஓட்ட நினைப்பவர் இந்த வழியில்தான் போக வேண்டும்.

உங்கள் கடிதத்தில் என்னை உறுத்திய வரி, வலி பற்றியது அல்ல. துடைத்துவிட்டு மூடிவிடுகிறேன் என்றீர்களே, அது. நின்ற இடத்திலேயே நிற்கும் கார் பத்திரமாக இருப்பதாக நினைக்காதீர்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் வருவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். அது ஈரத்தை இழுக்கும். பெட்ரோல் டாங்க் உள்ளிருந்து துருப்பிடிக்கும். அந்தக் காலத்து ரப்பர் குழாயும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரமும் ஊறிப்போகும். கிளச் பிளேட் ஒட்டிக்கொள்ளும், எலி வயரைக் கடிக்கும். வாரம் ஒருமுறை நின்ற இடத்தில் ஸ்டார்ட் செய்து அணைப்பதும் உதவாது. சைலன்சரில் தண்ணீர் தங்குவதுதான் மிச்சம். பதினைந்து நாளைக்கு ஒருமுறையாவது எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓட வேண்டும். அழகைப் பார்த்துக்கொண்டிருப்பதற்கு மட்டும்தான் என்றால், உங்கள் ஊரிலேயே ஜீடி கார் அருங்காட்சியகம் இருக்கிறது. டிக்கெட் வாங்கிக்கொண்டு பார்க்கலாம். டாங்க் துருப்பிடிக்கும் கவலை உங்களுக்கு இருக்காது.

முழங்காலுக்கு வருகிறேன். ஆட்டோமேட்டிக் காரில் உங்கள் இடது கால் ஓய்வெடுத்துப் பழகிவிட்டது. கிளச்சைப் பார்த்துச் சரிசெய்து, ஒரு மாதம் வாரந்தோறும் ஓட்டினால் கால் பழகிக்கொள்ளலாம். நின்ற நிலையில் ஸ்டியரிங்கைத் திருப்பும் வழக்கமும் இன்றைய காரிலிருந்து வந்ததுதான், அதை விடுங்கள். ஃபியட்டில் வண்டி ஒரு முழமாவது உருள ஆரம்பித்த பிறகுதான் திருப்ப வேண்டும், கனம் சட்டென்று குறையும். ஆனால், படி ஏறும்போதும் அதே முழங்கால் வலிக்கிறது என்றால் எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அவர் கிளச் மிதிக்காதே என்று சொல்லிவிட்டால், அத்துடன் யோசனையை நிறுத்திவிட்டு விற்றுவிடுங்கள்.

அப்படி இல்லை என்றால், வேலைகளை முடித்துவிட்டு மார்கழி, தை இரண்டு மாதம் கெடு வைத்துக்கொள்ளுங்கள். கோவையில் அதைவிட நல்ல பருவம் இந்த வண்டிக்கு அமையாது. விடியற்காலையில் வெயிலும் இல்லை, நெரிசலும் இல்லை. ஆனைகட்டி ரோடும் பூண்டி ரோடும் வெறிச்சோடிக் கிடக்கும். அந்த நேரத்திலும் உங்கள் கை தானாக ஆட்டோமேட்டிக் காரின் சாவியைத்தான் எடுக்கிறது என்றால், உங்களுக்குப் பிடித்தது ஃபியட்டைப் பார்ப்பதுதான், ஓட்டுவது இல்லை. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. தை முடிந்ததும் கொடுத்துவிடுங்கள். வேலை பார்த்த வண்டி என்பதால் இன்றைய விலையைவிடக் கூடுதலாகவே கேட்கலாம்.

பாலக்காட்டுக்காரருக்கே கொடுப்பதென்றால், மாநிலம் மாறும் விற்பனை இது. உங்கள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் படிவம் 28 கொடுத்துத் தடையில்லாச் சான்று வாங்குங்கள். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் கையெழுத்து முடித்து, நகல் எடுத்து வைத்துக்கொண்ட பிறகு சாவியைக் கொடுங்கள். பெயர் மாறாமல் போன பழைய கார் எங்காவது விபத்தில் சிக்கினால், நோட்டீஸ் பீளமேட்டுக்குத்தான் வரும்.