கப்பல் நாள்

அன்புள்ள அக்கா,

தூத்துக்குடியில் சின்னதாக டிராவல்ஸ் நடத்துகிறேன். கார்டிலியா என்ற சொகுசுக் கப்பல் நிறுவனம் 2021இல் மும்பையிலிருந்து எம்ப்ரஸ் என்ற ஒரே கப்பலோடு தொடங்கியது. இப்போது நார்வீஜியன் ஸ்கை, நார்வீஜியன் சன் என இன்னும் இரண்டு கப்பல்களை வாடகைக்கு எடுக்க ஒப்பந்தம் போட்டிருக்கிறார்கள். அதில் ஒன்றை நம் பக்கம் நிறுத்துவார்களா? சென்னை, தூத்துக்குடி, கொச்சி மூன்றில் எது பொருத்தம்? எங்கள் துறைமுகத்தில் நல்ல ஆழம் இருக்கிறது. நம் கரையில் ஒரு சொகுசுக் கப்பல் நிற்பதே தமிழர்களுக்குப் பெருமை இல்லையா? கப்பலில் சூதாட்டம் நடக்கிறது என்று புதுச்சேரியில் எதிர்த்தார்களே, அது தடையாக இருக்குமா?

கார்த்திக்

அன்புள்ள கார்த்திக்,

உங்கள் கடிதம் வந்தபோது நான் நாகப்பட்டினத்தில் இருந்தேன். வீட்டை ஒழித்துக்கொண்டிருந்தோம். பரணில் அப்பாவின் பிரஷ் ஒன்று கிடைத்தது. மயிரெல்லாம் வெள்ளைப் பெயிண்டில் இறுகி, கல் மாதிரி ஆகியிருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டுதான் உங்கள் கடிதத்தைப் படித்தேன். இல்லாவிட்டால் பதில் எழுதியிருப்பேனா தெரியாது.

சூதாட்டக் கேள்வியை விட்டுவிடுங்கள். 2022இல் புதுச்சேரி அனுமதிக்கவில்லை, கப்பல் வேறு ஊருக்குப் போயிற்று. அது அரசாங்கமும் கம்பெனியும் பேசித் தீர்த்துக்கொள்ளும் விஷயம். தூத்துக்குடியைப் பற்றியும் அதிகம் சொல்ல மாட்டேன். 2011இல் உங்கள் ஊரிலிருந்து கொழும்புக்கு ஸ்கோஷியா பிரின்ஸ் என்ற கப்பல் ஓடியதே, சில மாதங்களில் நின்றுபோனதே, அதை நீங்களே பார்த்திருப்பீர்கள்.

ஆனால் ஆழம், பெருமை என்கிறீர்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. தம்பி, டிராவல்ஸ் நடத்துகிற நீங்களே இப்படிப் பேசலாமா? கடலின் ஆழத்தைப் பார்த்தா ஜனங்கள் டிக்கெட் எடுக்கிறார்கள்? கொடியசைத்து வழியனுப்புகிற அன்றைக்கு எல்லோருக்கும் பெருமையாகத்தான் இருக்கும். மறுநாள் காலையில் அந்த ஊரில் யாருக்கு என்ன வேலை மிச்சம் இருக்கிறது என்று ஒருவரும் கேட்பதில்லை.

ஹோம் போர்ட், அதாவது கப்பல் பயணத்தைத் தொடங்கி முடிக்கும் துறைமுகம் வேறு, நடுவில் வந்துபோகும் துறைமுகம் வேறு. இந்த ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். 2023 ஜூனில் எம்ப்ரஸ் சென்னையிலிருந்து அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று போனது. அந்த மூன்று ஊரிலும் பயணி காலையில் இறங்கி, பஸ்ஸில் சுற்றிப் பார்த்துவிட்டு, சாயந்தரம் கப்பலுக்கே சாப்பிடத் திரும்புவார். சாப்பாட்டுக்கும் அறைக்கும் முன்னாலேயே பணம் கட்டியாயிற்று. ஊரில் அவர் செலவழிப்பது ஒரு இளநீர், ஒரு பஸ் டிக்கெட், நினைவுக்கு ஒரு பொம்மை. புறப்படும் ஊரில் நடப்பது வேறு. காலையில் 1,500 பேருக்கு மேல் இறங்குவார்கள், அதே நாள் சாயந்தரத்துக்குள் அத்தனை பேர் ஏறுவார்கள். அதற்குள் காய்கறி, பால், முட்டை, குடிநீர், எண்ணெய் எல்லாம் உள்ளே போக வேண்டும், குப்பை வெளியே வர வேண்டும். முந்தின நாளே வந்து லாட்ஜில் தங்குகிறவர்கள், போர்ட்டர்கள், டாக்ஸிக்காரர்கள் என்று ஊரே அன்றைக்கு வேலை பார்க்கும். அந்த வேலை வாராவாரம் வரும்.

அதனால்தான் வளர்கிற கம்பெனி துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் நிலத்தை முதலில் பார்க்கிறது. அமெரிக்காவில் மயாமிக்கு ஜனங்கள் விமானத்தில் வந்து கப்பல் ஏறுகிறார்கள். டெக்சஸில் கால்வெஸ்டன் என்ற ஊரில் ராயல் கரீபியன் என்ற கப்பல் கம்பெனி 2022இல் தனக்கென்று 12.5 கோடி டாலரில் ஒரு முனையம் திறந்தது. ஹூஸ்டன், டாலஸ் பக்கத்து மக்கள் விமானமே ஏறாமல் சொந்தக் காரில் வந்துவிடலாம் என்பதே அந்த ஊரின் பலம்.

இப்போது நாகப்பட்டினத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் ஆழமே கிடையாது. அந்தக் காலத்தில் சிங்கப்பூருக்கு ஓடிய ரஜூலா கப்பலும் சரி, அதற்கு அப்புறம் வந்த எம்.வி. சிதம்பரமும் சரி, தூரத்தில் நங்கூரம் போட்டுத்தான் நிற்கும். ஆட்களைப் படகில் கொண்டுபோய் ஏற்றுவார்கள். ஆனாலும் கூட்டம் வந்தது. கூத்தாநல்லூர், முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், காரைக்கால் என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் போக எங்கள் ஊருக்குத்தான் வரும். சென்னையிலிருந்து வரும் வழியில் கப்பல் எங்கள் ஊரில் கொஞ்ச நேரம்தான் நிற்கும். ஆனால் இந்த ஜனங்களுக்குப் பயணம் எங்கள் ஊரில்தான் தொடங்கியது. முந்தின ராத்திரியே வந்துவிடுவார்கள். நாகூர் தர்காவுக்குப் போய்விட்டு வருகிறவர்களும் உண்டு.

அப்பாவுக்கு எழுத்து வரையும் தொழில். கப்பல் நாளில் எங்கள் திண்ணையில் டிரங்குப் பெட்டிகள் வரிசையாக இருக்கும். பெயர், ஊர், போகும் துறைமுகம், மூன்று வரி. 'சிங்கப்பூர்' என்று எழுதும்போது 'சி'யின் வளைவை ஒரே இழுப்பில் முடிப்பார், பிரஷைத் தூக்க மாட்டார். பெயிண்ட் காயும் வரை பனைவிசிறியால் விசிறுவது என் வேலை. பெட்டிக்காரர்கள் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். ஒரு அம்மா தன் பெயரை மெதுவாக விரலால் தொட்டுப் பார்த்து, காயாத பெயிண்ட் ஒட்டிக்கொள்ள, அதை முந்தானையில் துடைக்காமல் அப்படியே விரலை நீட்டி வைத்துக்கொண்டு போனது இன்னும் கண்ணில் நிற்கிறது.

1985 பிப்ரவரியில் சிதம்பரம் கப்பல் கடலில் தீப்பிடித்தது. பலர் செத்துப்போனார்கள். அதோடு அந்த வழி முடிந்தது. அடுத்த பயணத்துக்கு எழுதி வைத்த பெட்டிகள் திண்ணையில் இருந்தன. ஒவ்வொருவராக வந்து எடுத்துப்போனார்கள், அப்பா யாரிடமும் காசு வாங்கவில்லை. அதன் பிறகு எங்கள் தெருவில் லாட்ஜ் மூடியது, மெஸ் மூடியது. அலையும் ஆழமும் அப்படியேதான் இருந்தன.

சரி, உங்கள் கேள்வி. ஜூனிலிருந்து செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்றில் அரபிக்கடல் கொந்தளிக்கும், மும்பையில் குரூஸ் நடத்த முடியாது. அதனால் எம்ப்ரஸ் அந்த மாதங்களில் சென்னைக்கு வந்தது. அக்டோபரில் வடகிழக்குப் பருவம் தொடங்கினால் நம் பக்கம் புயல், மழை. ஒரே கப்பல் என்றால் காற்றோடு கரை மாறித்தான் ஆக வேண்டும். இரண்டாவது வந்தால் அதையும் கொண்டுபோய் மும்பையில் கட்டிவைப்பது என் கண்ணுக்குப் பெரிய தவறு. ஜனவரியிலிருந்து செப்டம்பர் வரை ஒன்று சென்னையில் நிற்கட்டும். விமான நிலையம் இருக்கிறது, பெங்களூரும் ஹைதராபாத்தும் ஒரு ராத்திரி ரயிலில் வந்துவிடும். கொச்சியில் வெளிநாட்டுக் கப்பல்கள் நிறைய வருகின்றன, அது நல்ல நிறுத்தம். பயணத்தைத் தொடங்கச் சென்னைதான் சரி.

நீங்கள் ஒன்று செய்யுங்கள். உங்கள் கடைக்கு வந்து கப்பலைப் பற்றிக் கேட்கிறவர் எந்த ஊர், எத்தனை பேர், எந்த மாதம் கேட்டார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். திருநெல்வேலியா, நாகர்கோவிலா, மதுரையா என்று பார்ப்போம். ஆறு மாதம் கழித்து எனக்கு அனுப்புங்கள். தூத்துக்குடியைப் பற்றி அப்போது உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
அக்கா