ஒரு மூலக்கூறின் முகவரி

அன்புள்ள ஐயா,

உயிரணுக்களின் நகர்வு பற்றிய உங்கள் கட்டுரையை வாசித்தேன். என் மகள் கிண்டியில் உயிரியல் முதுகலை முடிக்கும் நிலையில் இருக்கிறாள். உயிரணுவுக்குள் ஆர்.என்.ஏ. எங்கே போகிறது என்பதையே முனைவர் பட்டத்துக்கு எடுக்கப்போவதாகச் சொல்கிறாள். ஒரு மூலக்கூறின் பின்னாலேயே ஆயுளைக் கழிப்பது குறுகிய பாதை அல்லவா?

வாசகர், அடையாறு

அன்புள்ள நண்பருக்கு,

இதே கேள்விக்குத் தம் பணிவாழ்வின் பெரும்பகுதியைக் கொடுத்தவர் அமெரிக்க உயிரியலாளர் ராபர்ட் சிங்கர். 1986இல் அவரும் ஜீன் லாரன்ஸும் கோழிக்கருவின் உயிரணுக்களை ஆராய்ந்தபோது, ஆக்டின் என்ற புரதத்தைச் செய்யும் குறிப்பைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ. எங்கும் பரவிக் கிடக்காமல் உயிரணுவின் முன்விளிம்பில் குவிந்திருப்பதைக் கண்டார்கள். அந்த விளிம்பை முன்னே தள்ளி உயிரணுவை நகர்த்துபவை ஆக்டின் இழைகள்தாம். கல்யாணப் பந்தியில் சமையற்கட்டிலிருந்து தோசையைச் சுமந்து வருவதற்குப் பதிலாகக் கல்லையே பந்தியின் அருகில் போட்டுச் சுடுவதைப் போல, புரதம் எங்கே தேவையோ அங்கே அதன் செய்முறை போய்ச் சேர்ந்துவிடுகிறது; ஒரே ஆர்.என்.ஏ.வைக் கொண்டு பலமுறை புரதம் செய்துகொள்ளலாம் என்பதால் இதில் சிக்கனமும் இருக்கிறது.

அது வழி தெரிந்து போவது எப்படி? உங்கள் கடிதத்தின் உறையில் 600 020 என்று எழுதியிருந்தீர்கள். அப்படியொரு அஞ்சல் எண் அந்த ஆர்.என்.ஏ.வின் வால்பகுதியிலும் 54 எழுத்துகளில் எழுதப்பட்டிருப்பதை சிங்கரின் குழு 1994இல் காட்டியது. அதைப் படித்துப் பற்றிக்கொள்ளும் இசட்.பி.பி.1 என்ற புரதம், போகும் வழியில் ஆக்டின் தயாராகிவிடாதபடி ஆர்.என்.ஏ.வை அடக்கி வைத்திருக்கிறது. விளிம்பை அடைந்ததும் சார்க் என்ற நொதி அந்தப் பிடியைத் தளர்த்துகிறது என்பது 2005இல் தெரிந்தது. முதல் கண்டுபிடிப்புக்கும் இதற்கும் இடையே 19 ஆண்டுகள். அவற்றை நான் தாமதமாக நினைக்கவில்லை. உயிருள்ள உயிரணுவில் ஆர்.என்.ஏ. ஓடுவதைப் பார்க்க அப்போது கருவியே இல்லை; அதற்காக ஒரு வைரஸின், ஆர்.என்.ஏ.வைப் பற்றிக்கொள்ளும் உறைப்புரதத்தோடு பச்சை ஒளிரும் புரதத்தை இணைத்து, 1998இல் ஈஸ்டில் அந்த ஓட்டத்தைக் கண்டார்கள். கேள்வியை விடாமல் பிடித்திருந்ததால் பிறந்த அந்தக் கருவி இன்று உலகெங்கும் புழங்குகிறது.

பாதை குறுகியதல்ல என்பதற்கு இன்னொரு காரணமும் சொல்கிறேன். எலியின் மார்பகப் புற்று உயிரணுக்களில், பரவும் வகையில் இசட்.பி.பி.1 புரதம் குறைவாகவும் பரவாத வகையில் கூடுதலாகவும் இருந்தது. ஆக்டின் ஒரே விளிம்பில் உருவாவதால் திசை நிலைத்த உயிரணு தன் வழியே போகிறது. திசை கலைந்ததோ ரத்தக் குழாயிலிருந்து வரும் ரசாயன அழைப்புக்கு எந்தப் பக்கமும் திரும்பிவிடுகிறது என்பது சிங்கர் குழு தந்த விளக்கம். புற்றுநோயில் தொடங்காத ஆய்வு, புற்றுநோய் பரவும் வழியில் வந்து நின்றது.

தரமணியில் ஓர் ஆய்வகத்தில், தட்டில் ஒட்டி வளர்ந்த உயிரணுப் படலத்தில் பிப்பெட் நுனியால் ஒரு மாணவி கோடு கிழிப்பதைப் பார்த்தேன். மறுநாள் காலை போனபோது இரு கரைகளிலிருந்தும் உயிரணுக்கள் விசிறிபோல விளிம்பை விரித்துக் கோட்டைப் பாதிக்குமேல் மூடியிருந்தன. உங்கள் மகள் சேரவிருக்கும் ஆய்வகத்தில் அந்தத் தட்டை ஒருமுறை நீங்களும் கேட்டுப் பாருங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள்.